பிடியரிசியும் பெருங்கொடையும்

விருதுநகர் வாணிகத்தால் பெயர் பெற்ற ஊர். முன்னாளில் அதற்கு விருதுபட்டி என்பது பெயர். அவ்வூர் மக்கள் தம் பிள்ளைகளின் கல்விக்கெனப் பள்ளி ஒன்றைப் பேண விரும்பியபோது, பெருஞ்செல்வர் ஒருவரின் கொடையை மட்டும் எதிர்நோக்கி இருந்தாரல்லர். உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைப்பது இல்லந்தோறும் வழக்கமாயிற்று. அவ்வரிசியைத் திரட்டி, அதனால் வந்த பொருளைப் பள்ளிக்குச் செலவிட்டனர். சத்திரிய வித்தியாசாலை என்னும் அப்பள்ளியிலேதான், பின்னாளில் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக விளங்கிய காமராசர் தம் இளமையில் பயின்றார். ஒரு வீட்டிற்கு ஒரு பிடி அரிசி பெரிதன்று. ஊர் முழுவதும் ஈந்த பிடிகளோ ஒரு பள்ளியைத் தாங்கின.

கல்விக்குப் பயன்பட்ட இம்முறை நோய் தீர்க்கும் அறத்திற்கும் பயன்படும். உற்றாரை நோய்க்குப் பறிகொடுத்தவர் அழுது ஓய்வது இயல்பு. அத்துயர் பிறர்க்கு நேராதிருக்க வழி தேடுவோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்து, 1912ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் அவர். அவருடைய இளைய தங்கை புற்றுநோயால் மாண்டார். மருத்துவராய் இருந்தும் தம் தங்கையைக் காக்க இயலவில்லையே என்னும் துயர் அவர் நெஞ்சை வருத்தியது.

அக்காலத்தில் புற்றுநோய் வந்தால் பிழைப்பதரிது என்றே பலரும் கருதினர். சாகப்போகும் நோயாளர்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று ஐயுற்றோரும் இருந்தனர். முத்துலட்சுமியார் தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு மக்களிடம் நிதி திரட்டினார். 1952ஆம் ஆண்டில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிற்று. ஒரு தமக்கையின் கண்ணீர் எண்ணற்றோர்க்கு மருந்தாயிற்று.

விளையாட்டும் இவ்வறத்திற்குத் துணை நின்றதுண்டு. கனடா நாட்டில் டெரி பாக்ஸ் என்னும் இளைஞர் கூடைப்பந்து ஆட்டத்தில் ஈடுபாடு மிக்கவர். 1977ஆம் ஆண்டில், எலும்பிற் பற்றிய புற்றுநோயால் அவருடைய வலக்கால் முழங்காலுக்கு மேலே நீக்கப்பட்டது. மருத்துவமனையில் சிறுவர் பலர் படும் துன்பத்தைக் கண்டு அவர் மனம் உருகினார். ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டக் கருதி, 1980ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் செயற்கைக் காலுடன் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். கனடா மக்கள் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தரவேண்டும் என்பதே அவர் விருப்பம். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின், நோய் நுரையீரலைப் பற்றியது, ஓட்டம் நின்றது. மறு ஆண்டு, இருபத்திரண்டாம் அகவையில் அவர் மறைந்தார். எனினும் அவர் பெயரால் நிகழும் ஓட்டம் நிற்கவில்லை. பல நாடுகளில் நடைபெறும் அது நம் சென்னையிலும் நடைபெற்றுள்ளது. விருதுநகரார் ஒரு பிடி அரிசி கேட்டனர். அவர் ஒரு டாலர் கேட்டார். இரண்டும் ஒரே நெறியே.

புற்றுநோய்க்கு இத்துணைப் பொருள் வேண்டுவது ஏன்? உடலின் நுண்ணிய உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகுவதே இந்நோய். அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்றினாலும் அதனை எதிர்க்கின்றனர். மருத்துவம் பல திங்கள் நீளக்கூடும். அக்காலத்தில் குடும்பத்தின் வருவாயும் குன்றும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு மிகுதி. நோயை மறைப்பதும் அஞ்சி ஒதுங்குவதும் அவ்வாய்ப்பைக் கெடுக்கும்.

சிவகாசியில் ஒரு பள்ளியின் பந்தாட்டக் குழுவைச் சேர்ந்த மாணவன் தன் தந்தையை இந்நோயால் இழந்தான் என்று கொள்வோம். அவன் தோழர்கள் அவர் நினைவாக ஓர் ஆட்டம் நடத்தி, நோயாளர்க்கு நிதி திரட்டலாம். முதற்கண் அம்மாணவனும் அவன் தாயும் இசைதல் வேண்டும். பிறர் துயரைக் காட்சிப்பொருளாக்குதல் அறமாகாது. தீப்பெட்டித் தொழிலிலும் பட்டாசுத் தொழிலிலும் நாட்கூலி பெற்று வாழ்வோர் பலர் உள்ள ஊர் அது. ஆதலின், ஒருவரையும் இவ்வளவு தருக என வற்புறுத்தலாகாது. பொருள் தர இயலாத சிறுவன் ஆடுகளத்திற்குச் சுண்ணாம்புக் கோடு இடலாம்; வருவோர்க்குத் தண்ணீர் வழங்கலாம். அவன் தொண்டும் கொடையே. வரவையும் செலவையும் எழுதி, அனைவரும் காணும்படி பள்ளிப் பலகையில் ஒட்டுதல் வேண்டும். கணக்குத் தூயதாயின், மறுமுறையும் மக்கள் மனமுவந்து ஈவர்.

அவ்வாட்டத்தில் எக்குழு வென்றது என்பதை ஊரார் விரைவில் மறப்பர். இழந்த தந்தை மீண்டு வாரார். ஆயினும் அத்தொகையால் வேறொரு தந்தை உரிய காலத்தில் மருத்துவம் பெற்று, நலத்துடன் வீடு திரும்புதல் கூடும். அவ்வீட்டுப் பிள்ளையின் மகிழ்ச்சியே மறைந்தவர்க்கு எடுக்கும் சிறந்த நினைவுச் சின்னமாகும்.