உயிர் காலேஜில் ஒரு நாள்

என் தாயார் வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

"கிளம்புங்க! உயிர் காலேஜுக்குப் போகலாம்" என்றார்.

பிள்ளைகள் விழித்தார்கள்.

"ஞாயிற்றுக்கிழமையிலே காலேஜா, ஆயா?" என்று கேட்டான் பையன்.

பழைய சென்னைக்காரர்களுக்கு இது புரியும். எழும்பூர் மியூசியத்துக்கு அவர்கள் வைத்த பெயர் "செத்த காலேஜ்". மிருகக்காட்சி சாலைக்கு வைத்த பெயர் "உயிர் காலேஜ்". அங்கே இருப்பவை பாடம் பண்ணி வைத்த மிருகங்கள். இங்கே இருப்பவை உயிருள்ள மிருகங்கள். எவ்வளவு பொருத்தமான பெயர், பாருங்கள்!

நாலு எட்டு

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த இரண்டு காலேஜும் ஒரே இடத்தில் பிறந்தவை!

1855-ம் ஆண்டு. அப்போது மியூசியத்தின் தலைவராக இருந்தவர் எட்வர்டு பால்போர் என்ற வெள்ளைக்கார டாக்டர். உயிருள்ள மிருகம் இருந்தால் மியூசியத்துக்குக் கூட்டம் கூடுகிறது என்று அவர் கண்டார். உடனே, மியூசியத் தோட்டத்திலேயே மிருகங்களை வளர்க்கத் தொடங்கினார். நவாபும் தம்மிடம் இருந்த மிருகங்களைக் கொடுத்து உதவினார்.

பிறகு இடம் போதவில்லை. சென்டிரல் ஸ்டேஷன் அருகே இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மிருகங்கள் குடிபெயர்ந்தன. நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கேதான் இருந்தன.

என் தாயார் சிறுமியாகப் போனது அங்கேதான். 1960 வாக்கில் இருக்கும். அவருடைய அப்பா மூர் மார்க்கெட்டில் ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்துவிட்டு, அப்படியே கையைப் பிடித்து அழைத்துப் போனாராம்.

"இரும்புக் கூண்டு. உள்ளே புலி நடந்துகிட்டே இருக்கும். நாலு எட்டு வைக்கும். கம்பி வந்திடும். திரும்பும். மறுபடியும் நாலு எட்டு. நான் அழுதுட்டேன். பயந்துட்டேன்னு நினைச்சு அப்பா என்னைத் தூக்கிக்கிட்டு வெளியே வந்துட்டார்."

அவர் அழுதது பயத்தால் அல்ல. அதற்குப் பிறகு அவர் மிருகக்காட்சி சாலைப் பக்கமே போனதில்லை. எனக்கும் காட்டியதில்லை! பேத்தி தினமும் "புலி, புலி" என்று நச்சரித்ததால்தான் அன்று மனம் இறங்கினார்.

கட்டுச்சோறு

கடற்கரை ஸ்டேஷனில் செங்கற்பட்டு ரெயிலைப் பிடித்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். தாம்பரம், பெருங்களத்தூர். அடுத்தது வண்டலூர். கொண்டுபோன எலுமிச்சம்பழச் சாதத்தை ஸ்டேஷன் பெஞ்சிலேயே பிரித்துவிட்டோம். மிருகங்களைப் பார்க்கும் முன்பே கட்டுச்சோறு காலி!

வண்டலூர் பூங்காவை 1985 ஜூலை 24-ந் தேதி, அப்போதைய முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். அறிஞர் அண்ணா பெயரைத் தாங்கிய பூங்கா இது. பரப்பு சுமார் 600 எக்டேர். ஏறக்குறைய 1,500 ஏக்கர்! அதே ஆண்டு மே மாதம்தான் மூர் மார்க்கெட் தீயில் அழிந்தது.

இவ்வளவு பெரிய இடத்தை நடந்தே பார்க்க நல்ல கால் வேண்டும். நடக்க முடியாதவர்களுக்குப் பேட்டரி வண்டி இருக்கிறது. "வண்டியில போறதுக்கா வந்தேன்?" என்று என் தாயார் வீம்பு பேசினார். ஒரு மணி நேரம் கழித்து அவரே போய் ஏறி உட்கார்ந்துகொண்டார்!

முதலை மரக்கட்டை போலக் கிடந்தது. "பொம்மையா?" என்று பையன் கேட்டான். அப்போது அது கண்ணைத் திறந்தது. பையன் என் மனைவியின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான். சிங்கவால் குரங்கைப் பார்த்தோம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர, உலகில் வேறு எந்தக் காட்டிலும் இது கிடையாது.

சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது. இது சோம்பல் அல்ல. நாளில் முக்கால்வாசி நேரம் தூங்குவது அதன் இயல்பு. அந்த இடத்தில் கொஞ்சம் நின்றோம். 2021 ஜூன் மாதம், மனிதர்களைப் பிடித்த கொரோனா இந்தச் சிங்கங்களையும் பிடித்தது. நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கமும், பத்மநாதன் என்ற 12 வயது ஆண் சிங்கமும் இறந்தன.

பூங்கா பட்ட அடி அது மட்டும் அல்ல. 2016 டிசம்பர் 12-ந் தேதி வந்த வார்தா புயலில் இங்கே ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பூங்காவை மாதக்கணக்கில் மூடி வைத்தார்கள். இப்போது நாம் நடக்கும் பாதைக்கு நிழல் தருபவற்றில் பல, அதற்குப் பிறகு வைத்த கன்றுகள்.

புலி எங்கே?

கடைசியில் வெள்ளைப்புலி இருக்கும் இடத்துக்கு வந்தோம்.

கூண்டு இல்லை! இந்தப் பக்கம் நமக்குச் சுவர். நடுவே அகழி. அந்தப் பக்கம் மரமும் புதரும். புலியைத்தான் காணோம்.

பதினைந்து நிமிடம் நின்றோம். மகள் உதட்டைப் பிதுக்கினாள். பக்கத்தில் நின்ற வாலிபர் ஒருவர் விசில் அடித்தார். புலி வரவில்லை. கீழே குனிந்து ஒரு கல்லை எடுத்தார்.

"தம்பி! நீ உன் வீட்டில் படுத்திருக்கும்போது நான் வந்து கல் எறியட்டுமா?" என்று கேட்டார் என் தாயார்.

வாலிபர் கல்லைக் கீழே போட்டுவிட்டார். (மிருகக்காட்சி சாலையில் மிருகங்களைச் சீண்டுவது, 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இது பலருக்குத் தெரியாது.)

சிறிது நேரம் சென்றது. புதர் அசைந்தது.

அடேயப்பா! வெள்ளை உடம்பு. கறுப்புக் கோடு. நீலக் கண். மெதுவாகத் தண்ணீருக்கு வந்தது. திரும்பி நின்று, பின்பக்கமாகவே இறங்கிக் கழுத்தளவு உட்கார்ந்துகொண்டது!

வெள்ளைப்புலி தனி இனம் அல்ல. நம் ஊர்ப் புலியேதான். பிறப்பிலேயே நிறம் மாறிவிட்டது. ரேவா என்ற வட நாட்டுச் சீமையில் 1951-ல் ஒரு வெள்ளைக் குட்டி பிடிபட்டது. மோகன் என்று பெயர் வைத்தார்கள். இன்று காட்சி சாலைகளில் இருக்கும் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள். நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே ஜோடி சேர்த்ததால், நோயும் ஊனமும் அவற்றோடு சேர்ந்தே வந்தன. அழகுக்கு அவை கொடுத்த விலை அது.

புலி குளித்து முடித்துக் கரையேறியது. உடம்பை உதறியது. மரங்களுக்கு ஊடே நடந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். என் தாயார் பேசவில்லை. அவருடைய உதடு மட்டும் அசைந்தது. ஏதோ சாமி பெயரைச் சொல்லுகிறார் என்று நினைத்தேன்.

திரும்பும்போது ரெயிலில் கேட்டேன். "என்னம்மா முணுமுணுத்தீங்க?"

"எண்ணிக்கிட்டு இருந்தேன். நாற்பது எட்டு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் மரத்துக்குப் பின்னால போயிடுச்சு" என்றார்.

மகள் அவர் மடியில் தூங்கிவிட்டாள். பையன் மட்டும் விழித்திருந்தான்.

"ஆயா, செத்த காலேஜுக்கு எப்போ போறோம்?"

மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை. வேறொரு நாள் பார்த்துப் போகவேண்டும்.