எதிர்காலத்தைக் கேலி செய்த குழு

ரசாயன ஆலையில் போடுவது போன்ற மஞ்சள் உடை. தலையில் படிப்படியாகக் குறுகி ஏறும் சிவப்பு பிளாஸ்டிக் தொப்பி. மேடையில் ஐந்து பேரும் ஒரே அச்சு. சிரிப்பதில்லை, உடம்பை வெட்டி வெட்டி அசைத்துக்கொண்டு, மனித இனம் முன்னேறவில்லை, பின்னால் போய்க்கொண்டிருக்கிறது என்று பாடுகிறார்கள்.

இதுதான் அமெரிக்காவின் ‘டீவோ’ குழு. 1973இல் முதல் மேடை ஏறி, இடையில் கலைந்து, மறுபடி கூடி, அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டார்கள். கிறிஸ் ஸ்மித் இவர்களைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2024இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. 2025 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது.

கீழப்பாவூரில் இருப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நம் வட்டாரத்தில் அம்மன் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் முடிந்து இன்னிசைக் கச்சேரி தொடங்கினால், மேடையில் பாதி வேலையைக் கீபோர்டும் ரிதம் பேடும் பார்த்துவிடுகின்றன. எந்திர ஒலி நமக்குப் பழகிப்போன ஒன்று. அந்த ஒலியை வைத்தே எந்திர யுகத்தைக் கிண்டல் செய்தது டீவோ. நம் பாட்டுகள் பெரும்பாலும் அதை வியந்து நின்றன. ஏன் இந்த வேறுபாடு?

பங்க், நியூ வேவ் என்றால் என்ன?

1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பியது பங்க். நீண்ட கிட்டார் வித்தைகளை ஒதுக்கிவிட்டு, சில கார்டுகள், மூன்று நிமிடம், முழுக் கோபம் என்று வாசித்தார்கள். கையில் காசில்லாத இளைஞர்களின் இசை அது. அதே கோபத்தோடு சின்தசைசர், விசித்திர உடை, நையாண்டி, நடனத் தாளம் எல்லாம் சேர்ந்தபோது அதற்கு நியூ வேவ் என்று பெயர் வந்தது. டீவோ நிற்பது இரண்டும் சந்திக்கும் இடத்தில். லண்டனில் ‘எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்’ குழுவின் பாலி ஸ்டைரீன் 1978இல் பிளாஸ்டிக் உலகத்தையும் விளம்பர மோகத்தையும் பாட்டாக்கியதும் இதே வழியில்தான். ஆனால் அறிவியல் புனைவை ஒரு முழுக் கொள்கையாகவே தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் டீவோ.

துப்பாக்கிச் சூட்டில் கிடைத்த கொள்கை

1970 மே 4. ஓஹியோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், கம்போடியாவுக்குள் அமெரிக்கப் படை நுழைந்ததை எதிர்த்து மாணவர்கள் திரண்டார்கள். தேசியக் காவல் படை சுட்டது. 13 வினாடிகளில் 67 குண்டுகள். நான்கு பேர் செத்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஜெரால்ட் கஸாலி என்ற மாணவர் இருந்தார். செத்த நால்வரில் ஜெஃப்ரி மில்லர், ஆலிசன் க்ராஸ் இருவரும் அவருக்குத் தெரிந்தவர்கள். அன்றோடு தன் பழைய நம்பிக்கைகள் முடிந்துவிட்டன என்று அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். மனிதன் குரங்கிலிருந்து உயர்ந்து வந்தான் என்கிறார்களே, இப்போது திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறான் என்று அவரும் நண்பர்களும் அதற்கு முன்பு வேடிக்கையாகப் பேசிக்கொண்டதுண்டு. அந்த வேடிக்கை வினையானது. அதே பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்த மார்க் மதர்ஸ்பா கூட்டுச் சேர, பின்னோக்கிய பரிணாமம் (டீ-எவல்யூஷன்) என்ற அந்த எண்ணமே சுருங்கிக் குழுவின் பெயரும் ஆனது. பிறகு இரு வீட்டுத் தம்பிகளும் வந்து சேர்ந்தார்கள். பாப் மதர்ஸ்பா, பாப் கஸாலி இருவரையும் பாப் 1, பாப் 2 என்று எண் போட்டே அழைத்தார்கள். டிரம்ஸுக்கு ஆலன் மையர்ஸ்.

ரப்பர் நகரத்துப் பிள்ளைகள்

இவர்களுடைய ஊர் அக்ரன். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் என்று டயர் உலகின் பெரிய பெயர்களெல்லாம் அங்கே பிறந்தவை. உலகின் ரப்பர் தலைநகரம் என்றே அழைத்தார்கள். ஆலங்குளம், பாவூர்சத்திரம், கீழப்பாவூர்ப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடையில் இலையும் தூளும் குறைத்துக் கொடுத்தால் அந்த வாரம் தெருவே இளைத்துப்போகும். அக்ரனுக்கு ரப்பர் அப்படி. 1970களின் பிற்பகுதியிலிருந்து அங்கே டயர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின.

ராக்கெட் விட்டு நிலாவில் கால் வைத்த நாட்டில், எதிர்காலம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட எல்லாம் தங்கள் ஊரில் துருப்பிடித்து நிற்பதை இந்தப் பிள்ளைகள் பார்த்தார்கள். ஆலைத் தொழிலாளியின் உடையையே மேடை உடையாக்கினார்கள். ஆரம்ப நாட்களில் மதர்ஸ்பா சகோதரர்களில் இன்னொருவரான ஜிம், மின்னணு டிரம்மைத் தானே செய்து வாசித்தார்.

ஏறுமுகம்

கையில் இருந்த கொஞ்சக் காசில் 1976இல் சக் ஸ்டாட்லர் என்ற நண்பரை வைத்து ஒரு குறும்படம் எடுத்தார்கள். பத்து நிமிடத்துக்கும் குறைவு. மறு ஆண்டு ஆன் ஆர்பர் திரைப்பட விழாவில் அது பரிசு வாங்கியது. இசைக்காணொளி என்று ஒன்று தொழிலாக மாறுவதற்கு முன்பே இவர்கள் பாட்டைப் படமாகவும் யோசித்தது பின்னாளில் கைகொடுத்தது.

இவர்களுடைய இசை பிரிட்டன் பாடகர் டேவிட் போவியின் காதுக்கு எட்டியது. எதிர்காலத்தின் குழு இதுதான் என்று அவர் நியூயார்க் மேடையிலேயே அறிவித்தார். முதல் இசைத்தொகுப்பை பிரையன் ஈனோ தயாரித்தார். ஜெர்மனியில் கோலோன் நகருக்கு அருகே பதிவு செய்து, 1978இல் வெளியிட்டார்கள். ‘நாங்கள் மனிதர்கள் இல்லையா?’ என்று கேட்கும் அதன் தலைப்பு 1932ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றிலிருந்து வந்தது. ஒரு மருத்துவர் விலங்குகளை அறுத்து ஒட்டி மனிதர்களாக்கும் எச்.ஜி. வெல்ஸின் ‘டாக்டர் மோரோவின் தீவு’ நாவல்தான் அந்தப் படத்துக்கு மூலம்.

அந்தத் தொகுப்பில் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாட்டை எடுத்து, தாளத்தை முறித்து, ரத்தச் சூட்டையெல்லாம் வடித்துவிட்டு எந்திரத்தனமாகப் பாடியிருந்தார்கள். மூலப்பாட்டை எழுதியவர்களில் ஒருவரான மிக் ஜாகரிடம் போட்டுக்காட்டி ஒப்புதலும் வாங்கினார்கள்.

1980இல் வந்த ‘விப் இட்’ அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 14ஆம் இடம் வரை ஏறியது. உழைத்தால் எல்லாம் கிடைக்கும் என்று ஊக்கப் பேச்சாளர்கள் விடும் சரடைக் கிண்டல் செய்து கஸாலி எழுதிய பாட்டு அது. பலர் அதை ஆபாசப் பாட்டு என்று நினைத்தார்கள். மீதிப் பேர் உண்மையான ஊக்கப் பாட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள். கேலியைப் புரியாமல் வாங்கிய கூட்டமே இவர்களுக்குப் பெரிய வெற்றியைக் கொடுத்தது. மறு ஆண்டு எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி தொடங்கியபோது ஒளிபரப்பக் காணொளிகள் அதிகம் கிடைக்கவில்லை. டீவோவிடம் கைவசம் இருந்தன.

எந்திரம் கொடுத்த அடி

சரிவையும் எந்திரமே கொண்டுவந்தது. 1980களில் இவர்கள் கிட்டாரைக் குறைத்து, மேலும் மேலும் கணினிக் கருவிகளுக்குள் போனார்கள். 1984இல் வந்த ‘ஷவுட்’ ஃபேர்லைட் என்ற விலையுயர்ந்த டிஜிட்டல் கருவியை நம்பி எழுந்த தொகுப்பு. விற்கவில்லை. இவர்களுடைய தொகுப்புகளை வெளியிட்டுவந்த வார்னர் நிறுவனம் கைவிட்டது. தாளத்தை எந்திரம் எடுத்துக்கொண்ட பிறகு தனக்கு வேலை என்ன என்று சலித்து, ஆலன் மையர்ஸ் வெளியேறினார். மனிதன் எந்திரமாவதைப் பாடிய குழுவில் முதலில் வேலை போனது டிரம்மருக்கு. இன்னிசைக் குழுவில் ரிதம் பேடு வந்த பிறகு தபேலாக்காரருக்கும் டோலக்காரருக்கும் என்ன ஆனது என்று பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதை.

1991இல் குழு கலைந்தது. 1996இல் மறுபடி மேடை ஏறினார்கள். இதற்கிடையே மார்க் மதர்ஸ்பா படங்களுக்கு இசையமைப்பவரானார்: ‘ரக்ராட்ஸ்’ கார்ட்டூன், வெஸ் ஆண்டர்சனின் தொடக்ககாலப் படங்கள், ‘தோர்: ரக்னராக்’. ஆலன் மையர்ஸ் 2013இலும் பாப் கஸாலி 2014இலும் இறந்தார்கள். மிச்சம் இருப்பவர்கள் இன்னும் வாசிக்கிறார்கள்.

தமிழ்ப் பாட்டில் எதிர்காலம்

அறிவியலைக் கேலியோடு பாடுவது தமிழுக்குப் புதிதில்லை. நாகர்கோவிலில் வில்லுப்பாட்டுக் கலைஞராகத் தொடங்கிய கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், டி.ஏ. மதுரத்தோடு பாடிய ஒரு திரைப்பாட்டில் விஞ்ஞானம் வளர்ந்து பொத்தானைத் தட்டினால் பலகாரம் வந்து நிற்க வேண்டும் என்று கனவு காண்பார். ஆசையும் கிண்டலும் ஒரே வரியில் கலந்திருக்கும். கணவன் பெருமை பேச, மனைவி மடக்க, வில்லுப்பாட்டின் கேள்வி-பதில் முறை அப்படியே அதில் தெரியும்.

1986இல் நிலைமை மாறியிருந்தது. சுஜாதாவின் கதையில், கமல் ஹாசன் தயாரித்து நடித்த ‘விக்ரம்’ வந்தது. களவுபோகும் ஏவுகணைக்கு அக்னிபுத்திரன் என்று பெயர். இந்தியா உண்மையிலேயே அக்னி ஏவுகணையைச் சோதித்தது 1989 மே மாதத்தில். சின்தசைசர் ஒலிகள் துள்ள, கமலே பாடிய தலைப்புப் பாட்டுக்கு இசை இளையராஜா. அதே ஆண்டு தீபாவளிக்கு வந்த ‘புன்னகை மன்னன்’ இசையிலும், சுரவரிசையைத் தானே வாசிக்கும் சீக்வென்சர் கருவி முன்னின்றது. டீவோவின் கருவிகளுக்கு உறவான கருவிகள்தான். ஆனால் பாவம் நேர் எதிர்: அங்கே ஏளனம், இங்கே வீரம்.

காரணத்தைக் காலத்தில் தேட வேண்டும். மத்திய அரசின் புதிய கணினிக் கொள்கை வந்தது 1984 நவம்பரில். அக்ரனில் எந்திரங்கள் ஓய்ந்துகொண்டிருந்தபோது, நம் ஊர்களுக்கு எந்திரங்கள் அப்போதுதான் வரத் தொடங்கின. மகனோ மகளோ கம்ப்யூட்டர் படித்தால் குடும்பம் கரையேறும் என்று நம்பிய தலைமுறைக்குக் கணினி ஒலி முன்னேற்றத்தின் ஒலியாகவே கேட்டது. வேலை போய்விடும் என்று வங்கி ஊழியர் சங்கங்கள் கணினியை எதிர்த்ததும் அதே காலத்தில்தான். அந்தப் பயம் தெருவில் கோஷமானது, பாட்டில் ஏறவில்லை. ‘என் இனிய இயந்திரா’வில் தொழில்நுட்பத்தால் மக்களை அடக்கும் சர்வாதிகாரத்தைத் தொடர்கதையாக எழுதி எச்சரித்த அதே சுஜாதா, திரையில் ஏவுகணையைத் துரத்தும் நாயகனைக் கொடுக்க வேண்டியிருந்தது.

2010: மூன்று பாதைகள்

2010 ஜூனில், இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு டீவோ புதிய தொகுப்பு வெளியிட்டது. சிவப்புத் தொப்பி நீலமானது. எந்த நிறம் வேண்டும் என்று விளம்பர நிறுவனத்தை வைத்து மக்களிடம் கருத்துக் கேட்டு முடிவெடுத்தோம் என்றார்கள், அதுவும் கேலிதான்.

அக்டோபரில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘எந்திரன்’ வந்தது. அவருடைய முதல் படமான ‘ரோஜா’வின் நாயகிக்குச் சொந்த ஊர் கீழப்பாவூருக்குப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரம். அந்த வயல்வெளியில் தொடங்கிய இசைப் பயணம் பதினெட்டு ஆண்டில் இரும்புக்கு இதயம் முளைக்கும் பாட்டுக்கு வந்து சேர்ந்தது. வியப்பு குறையவில்லை.

மூன்றாவது பாதை ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மாதங்கி அருள்பிரகாசத்தினுடையது. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அவரை அறியும். லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக இலங்கைக்குப் போய், போருக்குத் தப்பி 1980களில் அகதியாக லண்டன் திரும்பியவர். 2008இல் வெளியான ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ரஹ்மானோடு அவர் சேர்ந்து உருவாக்கிய பாட்டு ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. 2010 ஏப்ரலில் வந்த ‘பார்ன் ஃப்ரீ’க்கு அவர் அடித்தளமாக எடுத்தது 1970களில் நியூயார்க்கில் மின்னணுப் பங்க் வாசித்த ‘சூசைட்’ என்ற இருவர் குழுவின் இசையை. ரோமன் காவ்ரஸ் இயக்கிய காணொளியில் ஓர் ஆயுதப் படை, செம்முடிக்காரர்களாகத் தேடிப் பிடித்து இழுத்துப்போய்க் கொல்கிறது. இலங்கைப் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். ஜூலையில் வந்த அவருடைய தொகுப்பின் முதல் பாட்டு, நம் இணையத் தேடல் அரசாங்கத்தின் கைக்குப் போகிறது என்றது. அமெரிக்க அரசின் இணையக் கண்காணிப்பை அம்பலப்படுத்தும் ஆவணங்களோடு ஸ்னோடன் வெளியே வந்தது 2013இல்.

கென்ட் ஸ்டேட்டில் நண்பர்கள் சுடப்பட்டதைப் பார்த்தவர் டீவோவுக்குக் கொள்கை தந்தார். தன் இனம் சுடப்பட்டதைத் தொலைவிலிருந்து பார்த்தவர் ‘பார்ன் ஃப்ரீ’யைத் தந்தார். நேராகச் சொன்னால் யாரும் காது கொடுக்காத நிகழ்காலத்தை, எதிர்காலம் என்று பெயர் மாற்றிச் சொல்லும் உத்திதான் இரண்டிலும் இருப்பது. தொழில்நுட்பம் யார் கையில் இருக்கிறது என்று கேட்கத் துணிந்தவர்களுக்கே அந்த உத்தி தேவைப்பட்டது.

எங்கிருந்து கேட்பது?

முதலில் டீவோவின் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’, பிறகு ‘விப் இட்’. அதன் பின் ‘விக்ரம்’ தலைப்புப் பாட்டைக் கேட்டால், உறவுக் கருவிகள் இரு வேறு மனநிலையில் பேசுவது தெளிவாகும். ‘பார்ன் ஃப்ரீ’ காணொளியில் கொலைக் காட்சிகள் உண்டு, குழந்தைகளோடு பார்க்க வேண்டாம். ஒலி மட்டும் போதும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வரி எழுதுகிறது, மெட்டுப் போடுகிறது, மறைந்த பாடகர்களின் குரலில் பாடியும் காட்டுகிறது. இதற்கு ஒரு தமிழ்க் கேலிப்பாட்டு அக்ரனிலிருந்து வர வேண்டியதில்லை. புலவர் ஒன்று சொல்ல, பக்கத்தில் இருப்பவர் குறுக்குக் கேள்வி போட்டு மடக்கும் வில்லுப்பாட்டு மேடை தென்காசி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறது. கலைவாணரும் வில்லுப்பாட்டு மேடையிலிருந்துதான் தொடங்கினார்.