ஆணி முதல் அடுப்பு வரை! அமெரிக்காவின் மூன்று ராட்சதக் கடைகள்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. அமெரிக்காவிலே இந்தப் பழமொழியைச் சற்று மாற்றிச் சொல்ல வேண்டும். அங்கே வீட்டை வாங்குவதற்குப் பாங்கி கடன் கொடுத்துவிடும். வாங்கிய வீட்டை ரிப்பேர் செய்து பார்க்க வேண்டும். அப்போதுதான் சங்கதி தெரியும்!

குழாய் ஒழுகுகிறதா? தெருமுனைக்குப் போய் ஆளைக் கூட்டி வந்துவிட முடியாது. பிளம்பர் ஒருவர் வந்து ஒரு சின்ன வேலை செய்துவிட்டுப் போனாலே, நூறு டாலருக்கு மேல் ஆவது சாதாரணம். ஆகவே டாக்டரும் வக்கீலும் வாத்தியாரும் விடுமுறை நாளில் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, சுத்தியலைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்படிப்பட்ட மனிதர்களை நம்பி எழுந்தவைதான் ஹோம் டிப்போ, லோஸ், மெனார்ட்ஸ் என்ற மூன்று பெரிய ஸ்தாபனங்கள். இவற்றில் எது மலிவு? எங்கே சரக்கு அதிகம்? எங்கே கேட்ட கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும்? புதிதாக வீடு வாங்கிய ஒவ்வொருவரும் கேட்கிற கேள்வி இது. என் தங்கை மகனும் கேட்டான்.

ஒரு பட்டியல், மூன்று கடைகள்

அவன் இருப்பது ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில். பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறான். முப்பது வருஷத் தவணை. குளியலறைச் சுவரில் ஈரம் ஏறி, ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துகொண்டிருந்தன. காண்டிராக்டர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் சொன்ன தொகை அவன் கையிருப்பைப் போல இரண்டு மடங்கு! குளிர் காலம் வருவதற்குள் வீட்டுக்குப் புதிய ஹீட்டர் வேறு வைத்தாக வேண்டும்.

"மாமா, குளியலறையை நானே செய்யப் போகிறேன். சாமான் வாங்குவதில் ஏமாறாமல் இருந்தால் போதும்" என்றான்.

அந்த ஊரில் மூன்று கடைகளுமே இருக்கின்றன. ஒரே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றிலும் ஏறி இறங்கினோம்.

கடையா? ஊரா?

கடை என்றால் நம் மனத்தில் தோன்றுகிற கடை அல்ல. ஹோம் டிப்போ கடை ஒன்றின் பரப்பு சராசரியாக ஒரு லட்சம் சதுர அடிக்கு மேல். பூச்செடி விற்கும் தோட்டம் தனி. ஒரே கூரையின் கீழ் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தினுசுகள்! மரச் சட்டம், சிமெண்டு மூட்டை, பெயிண்டு, கதவு, ஜன்னல், குழாய், விளக்கு, அடுப்பு, குளிர்ப்பெட்டி எல்லாம் கூரை முட்ட அடுக்கியிருக்கிறார்கள். ஒரு கோடியில் ஆணி, மறு கோடியில் ஓடு. நடந்து முடிப்பதற்குள் எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டது.

மூன்றுக்கும் பிறப்புக் கதை உண்டு. அது தெரிந்தால் அவற்றின் குணமும் ஓரளவு தெரியும்.

மூவரில் மூத்தது லோஸ். 1921-ல் வட கரோலினாவில் நார்த் வில்க்ஸ்போரோ என்ற சிற்றூரில் எல். எஸ். லோ என்பவர் திறந்த இரும்புச் சாமான் கடை அது. பின்னர் அவருடைய மருமகன் கார்ல் புகன் 1952-ல் முழு முதலாளி ஆனார். யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்கா எங்கும் வீடுகள் முளைத்த காலம். மொத்த வியாபாரியை ஒதுக்கிவிட்டு, தொழிற்சாலையிலிருந்தே நேராக வாங்கி மலிவாக விற்றார். இன்று லோஸுக்கு 1,700-க்கு மேற்பட்ட கடைகள்.

மெனார்ட்ஸ், விஸ்கான்சின் மாநிலத்து ஓ கிளேர் நகரில் பிறந்தது. ஜான் மெனார்ட் என்ற கல்லூரி மாணவர், படிப்புச் செலவுக்காக 1958-ல் மரக் கொட்டகைகள் கட்டிக் கொடுக்கும் வேலையில் இறங்கினார். கொட்டகை மரம் விற்பனையாயிற்று. மரக் கடை பெரிய கடையாயிற்று. பங்கு விற்காமல் இன்றும் ஒரு குடும்பத்தின் சொத்தாகவே இருக்கிறது. 300-க்கு மேற்பட்ட கடைகள் இருந்தாலும், பெரும்பாலானவை நாட்டின் நடுமேற்குப் பகுதியில்தான். நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் இருப்பவர்கள் தேடிப் பயன் இல்லை.

வேலை போன இருவர்

ஹோம் டிப்போவின் கதைதான் ருசிகரமானது. பெர்னி மார்க்கஸ், ஆர்தர் பிளாங்க் என்ற இருவரும் ஹாண்டி டான் என்ற கடைக் கம்பெனியில் உயர்ந்த உத்தியோகத்தில் இருந்தார்கள். 1978-ல் இருவருக்கும் ஒன்றாக வேலை போயிற்று!

சோர்ந்துபோய் உட்காரவில்லை. 1979 ஜூன் 22-ந் தேதி அட்லாண்டா நகரில் சொந்தமாக இரண்டு கடைகளைத் திறந்தார்கள். அலமாரிகளை நிரப்பச் சரக்கு போதவில்லை. காலிப் பெட்டிகளையும் காலிப் பெயிண்டு டப்பாக்களையும் மேலே அடுக்கிக் கடை நிறைந்திருப்பதுபோல் காட்டினார்கள். வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தங்கள் பிள்ளைகளிடம் டாலர் நோட்டுகளைக் கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள். அப்படியும் கூட்டம் வரவில்லையாம்!

பிறகு வந்தது. எப்படி? தொழில் தெரிந்தவர்களைச் சிப்பந்திகளாக வைத்தார்கள். "இந்தக் குழாயை எப்படி மாட்டுவது?" என்று கேட்டால், சாமானை விற்பதோடு நில்லாமல், மாட்டும் முறையையும் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். மார்க்கஸ் 2024-ல் தம் 95-வது வயதில் காலமானார். அமெரிக்காவில் மட்டும் அவர்கள் கடை 2,000 கிளைகளைத் தாண்டிவிட்டது.

விலையில் என்ன வித்தியாசம்?

இனி எங்கள் பட்டியலுக்கு வருவோம். மூன்று கடைகளிலும் விலையைக் குறித்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கூட்டிப் பார்த்தோம். ஒன்று ஒரு கடையில் மலிவு. இன்னொன்று வேறு கடையில் மலிவு. மொத்தத் தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை.

இதில் ஆச்சரியம் இல்லை. ஹோம் டிப்போவும் லோஸும் "வேறு கடையில் விலை குறைவாக இருந்தால், அதே விலைக்கு நாங்களும் தருகிறோம்" என்கின்றன. ஆனால் ஒரு நிபந்தனை. அதே கம்பெனி, அதே மாடல் நம்பராக இருக்க வேண்டும். ஒவ்வொரு கடையும் தனக்கென்று தனி மார்க்குகளை வைத்திருக்கும்போது, அதே நம்பரை எங்கே தேடுவது?

மெனார்ட்ஸில் அடிக்கடி "11 சதவீதம் தள்ளுபடி" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். கல்லாவில் ஒரு காசும் குறைக்க மாட்டார்கள். நூறு டாலரையும் கட்டிவிட்டு, ரசீதோடு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். பிறகு 11 டாலருக்கு ஒரு சீட்டு வரும். பணம் அல்ல, அதே கடையில் சாமான் வாங்கத்தான் அது உதவும். அதாவது 100 டாலர் கொடுத்து 111 டாலர் சாமான் வாங்குகிறோம். கணக்குப் போட்டால் 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மறுபடியும் வாங்க வேண்டியவனுக்கு லாபந்தான். விண்ணப்பம் அனுப்ப மறந்தவனுக்கு ஒன்றும் இல்லை!

லோஸில் கடையின் கடன் அட்டை வாங்கினால் 5 சதவீதம் குறைக்கிறார்கள். கெடு தவறாமல் பணம் கட்டுகிறவருக்கு நல்லது. தவறினால் அந்த 5 சதவீதத்தை வட்டி விழுங்கி ஏப்பம் விட்டுவிடும்.

மர விலையோ எந்தக் கடை முதலாளியின் கையிலும் இல்லை. கொரோனாக் காலத்தில், 2021 மே மாதம், மரச் சந்தையில் ஆயிரம் பலகை அடி 1,600 டாலருக்கு மேல் ஏறியது. அப்போது எந்தக் கடைக்குப் போயிருந்தாலும் அடிதான்.

சரக்கில் ஒரு சூட்சுமம்

மின்சாரத் துளைக் கருவி வாங்கும்போது கவனம் தேவை. அமெரிக்காவில் ரியோபி மார்க்கு ஹோம் டிப்போவின் தனிச் சொத்து மாதிரி. கோபால்ட் என்பது லோஸ் கடையின் மார்க்கு. மாஸ்டர்போர்ஸ் மெனார்ட்ஸினுடையது. ஒரு மார்க்கின் பாட்டரி இன்னொரு மார்க்கின் கருவியில் பொருந்தாது. முதல் கருவி எங்கே வாங்குகிறோமோ, அடுத்த ரம்பமும் அங்கேதான். ஒரு வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொண்ட மாதிரி! ஆகவே முதல் நாளே யோசித்து வாங்க வேண்டும்.

மரத்திலும் ஒரு வேடிக்கை. "இரண்டுக்கு நாலு" என்று விற்கிற சட்டத்தை அளந்தால், ஒன்றரை அங்குலம், மூன்றரை அங்குலந்தான் இருக்கும்! உலர்த்தி இழைத்த பிறகு உள்ள அளவு அது. பழைய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. "எங்களை ஏமாற்றிவிட்டார்கள்" என்று இல்லினாய் மாநிலத்தில் சிலர் கோர்ட்டுக்கே போனார்கள். 2017-ல் நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார். மூன்று கடைகளிலும் இதே அளவுதான். சுவர்க் கணக்குப் போடுகிறவர் பெயரை நம்பாமல் அளவை நம்ப வேண்டும்.

கேட்க ஒரு ஆள் வேண்டும்

இதுவரை சொன்னவற்றில் வித்தியாசம் சில டாலர்கள்தான். உண்மையான வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது.

கழிவறை நீர்த்தொட்டி ஓயாமல் கசிந்துகொண்டிருந்தது. தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் சாயம் கலந்து, பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தோம். கீழே பீங்கானில் சாயம் இறங்கியிருந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் மூடி கெட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒரு கடையில் நின்ற இளைஞனிடம் கேட்டோம். ஒன்றும் விசாரிக்காமல் ஒரு மூடியை எடுத்துக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது இரண்டு அங்குலம். எங்களுக்கு வேண்டியதோ மூன்று அங்குலம்! திரும்ப ஓடினோம். பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். பெரும்பாலான சாமான்களை 90 நாளுக்குள் ரசீதோடு கொண்டுபோனால் மூன்று கடைகளிலும் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் போன நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்?

அடுத்த கடையில் தலை நரைத்த பெரியவர் ஒருவர் நின்றார். பிளம்பர் வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவராம். மூடியைக் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேட்டார். பிறகு எங்கள் பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

"குளிக்கிற இடத்துச் சுவருக்கா இந்த ஜிப்சம் பலகை?" என்றார்.

"ஆமாம். அதன்மேல் ஓடு ஒட்டப் போகிறேன்" என்றான் என் மருமகன்.

பெரியவர் தலையை ஆட்டினார். "வேண்டாம், தம்பி. ஓடுகளின் இடுக்கில் தண்ணீர் இறங்கும். நாலைந்து வருஷத்தில் பலகை ஊறி உளுத்துப்போகும். உங்கள் பழைய சுவர் எப்படிக் கெட்டதென்று நினைக்கிறீர்கள்? சிமெண்டுப் பலகை போடுங்கள். அதுவும் போதாது. அதன்மேல் நீர் புகாத பூச்சு அடித்த பிறகுதான் ஓடு!"

விலை சிறிதளவுதான் கூடிற்று. அந்தப் பேச்சு மட்டும் இல்லாதிருந்தால் குளியலறையை இன்னொரு தடவை இடித்துக் கட்டியிருக்க வேண்டும். அதற்கு என் மருமகனிடம் பணம் ஏது?

அது எந்தக் கடை என்று கேட்கிறீர்களா? சொல்லிப் பயன் இல்லை. மறு வாரம் அதே கடைக்கு, அதே இடத்துக்குப் போனோம். பெரியவருக்கு அன்று லீவு. அங்கே நின்றவருக்குச் சிமெண்டுப் பலகை எந்த வரிசையில் இருக்கிறதென்றே தெரியவில்லை!

ஒரு ஸ்தாபனம் கற்ற பாடம்

ஹோம் டிப்போவே இந்தப் பாடத்தை ஒருமுறை கற்றது. 2000-ம் வருஷக் கடைசியில் ராபர்ட் நார்டெல்லி என்பவர் தலைவராக வந்தார். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் பேர் வாங்கியவர். செலவைக் குறைத்தார். முழுநேரச் சிப்பந்திகளைக் குறைத்து, பகுதிநேர ஆட்களை அதிகமாக்கினார். லாபம் ஏறியது. ஆனால் கேள்வி கேட்க ஆள் இல்லையென்று வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் திருப்திக் கணக்கெடுப்பில், 2005-ல் ஹோம் டிப்போ லோஸுக்கு வெகுதூரம் பின்னால் போய்விட்டது. 2007 ஜனவரியில் நார்டெல்லி விலகினார். அவருக்குக் கிடைத்த தொகை ஏறக்குறைய 21 கோடி டாலர்!

தெருமுனைக் கடை

இந்த மூன்று ராட்சதர்களுக்கு நடுவே சின்னக் கடைகளும் பிழைத்திருக்கின்றன. ஏஸ் ஹார்டுவேர் என்பது 1924-ல் சிகாகோவில் பிறந்தது. இன்று கடைக்காரர்களே சொந்தக்காரர்களாக நடத்தும் கூட்டுறவு ஸ்தாபனம் அது. பல சாமான்களுக்கு விலை சற்றுக் கூடுதல். ஆனால் திருகாணியை ஒன்றிரண்டாக வாங்கலாம், உள்ளே நுழைந்ததும் "என்ன வேண்டும்?" என்று கேட்க ஆள் இருக்கும். ஒரு சின்னச் சாமானுக்காக ஒரு லட்சம் சதுர அடியைச் சுற்றுவதைவிட இது மேல்.

போகுமுன் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் வீடு வாங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களோடு போய் இருக்கும் பெற்றோருக்கும் எங்கள் அனுபவத்தில் சில யோசனைகள்:

கெட்டுப்போன சாமானைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். இல்லையென்றால் அளவையும் படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை நாளில் காலையில் போங்கள். சனி, ஞாயிறு கூட்டத்தில் விவரம் தெரிந்தவரைப் பிடிப்பது கஷ்டம்.

"இது எங்கே இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "இன்ன வேலை செய்யப் போகிறேன், என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் சொல்கிற விதத்திலேயே ஆள் தொழில் தெரிந்தவரா என்பது விளங்கிவிடும்.

தெரிந்தவர் ஒருவர் அகப்பட்டால், அவர் எந்த நாளில் எந்த நேரத்தில் இருப்பார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தள்ளுபடிச் சீட்டைவிட அது உயர்ந்தது.

என் மருமகன் அப்படித்தான் செய்தான். ஏழு வாரம் சனி, ஞாயிறு உழைத்துக் குளியலறையை முடித்தான். மிச்சப்பட்ட பணத்தில், பனி விழுவதற்கு முன்பே ஹீட்டர் வந்துவிட்டது. பெரியவர் இருக்கும் நாளாகப் பார்த்து, நன்றி சொல்லிவிட்டு வரப் போனோம்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தண்ணீர் கசிகிறதா?"

"இல்லை, ஐயா."

"அப்படியானால் சரி. அடுத்தது ஏதாவது கெட்டால் வாருங்கள்" என்று சொல்லிவிட்டு, பின்னால் காத்து நின்ற அம்மாளின் கையிலிருந்த பழைய குழாயை வாங்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.