மெஷின் சத்தத்தை நேரில் கேட்க இவ்வளவு கூட்டம் ஏன்? இண்டஸ்ட்ரியல் ராக் ரசிகர்களின் உலகம்

ஹெட்போனை மாட்டினால் போதும், ஒரு பீட் கூடப் பிசகாது. கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, இழைத்து இழைத்து உருவாக்கப்படும் இசை இண்டஸ்ட்ரியல் ராக். எல்லாம் போனிலேயே கிடைக்கும்போது, எதுக்கு நேரில் போய் மணிக்கணக்கில் நின்று, காது வலிக்க அதைக் கேட்கணும்? இந்த இசையின் ரசிகர்களிடம் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பதில் தெரிய, இதன் மேடை வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

இண்டஸ்ட்ரியல் என்ற பெயர் எப்படி வந்தது?

பிரிட்டனின் ‘த்ராபிங் கிரிசில்’ குழு 1976-ல் தொடங்கிய இசை நிறுவனத்தின் பெயர் ‘இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்’. தொழிற்சாலை இரைச்சல், டேப்பில் பதிந்த குரல்கள், சின்தசைசர் எல்லாம் கலந்த இவர்களின் பாணிக்கு அந்தப் பெயரே நிலைத்தது. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ‘மினிஸ்ட்ரி’, ‘நைன் இன்ச் நெயில்ஸ்’ போன்ற குழுக்கள் இதனுடன் கிடாரையும் ராக் வேகத்தையும் சேர்த்தன. 1994-ல் ஜெர்மனியில் உருவான ‘ராம்ஸ்டைன்’ இதை ஸ்டேடியம் அளவுக்குக் கொண்டுபோனது.

மேடையையே துளைத்தார்களா?

ஆமாம், நிஜமாகவே. பெர்லினின் ‘ஐன்ஸ்டூர்சென்டே நொய்பாட்டன்’ குழுவின் பெயருக்கு ‘இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்’ என்று பொருள். 1984 ஜனவரி 3-ல் லண்டன் ஐசிஏ அரங்கில் இந்தக் குழுவினரும் சக கலைஞர்களும் டிரில் மெஷின், கான்கிரீட் மிக்சர், மரம் அறுக்கும் ரம்பம் ஆகியவற்றுடன் மேடை ஏறினார்கள். மேடைத் தரை துளைக்கப்பட்டது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அரங்க நிர்வாகம் நிகழ்ச்சியை நிறுத்த, ரசிகர்களுக்கும் ஊழியர்களுக்கும் தள்ளுமுள்ளு ஆனது. அந்தக் குழப்பத்தை 2007-ல் அதே அரங்கில் ஒரு கலைஞர் அப்படியே மறுபடி நடத்திக் காட்டினார். அந்த 20 சொச்ச நிமிடங்களுக்கு அவ்வளவு மவுசு!

மேடையில் நடப்பது நிஜமா, நடிப்பா?

இந்தக் குழப்பம் போலீஸ் வரைக்கும் போயிருக்கிறது. கனடாவின் ‘ஸ்கின்னி பப்பி’ குழு, விலங்குகளைச் சோதனைக்கூடங்களில் வதைப்பதைக் கண்டித்து, மேடையில் பொம்மை நாயை அறுத்துக் காட்டியது. 1988-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் அதை நிஜ நாய் என்று நினைத்துப் புகார் போனது. குழுவினர் கைதானார்கள்.

1990-ல் ‘மினிஸ்ட்ரி’ மேடைக்கு முன்னால் கம்பி வேலியையே கட்டியது. அந்தச் சுற்றுப்பயணத்தின் வீடியோவைப் பார்த்தால், ரசிகர்கள் வேலியில் தொற்றி ஏறிக்கொண்டிருப்பார்கள். பின்னால் இரண்டு டிரம்மர்கள். மெஷின் வாசிக்க வேண்டிய தாளத்தை, வியர்க்க விறுவிறுக்க மனிதர்கள் வாசித்தார்கள்.

நேரில் போகிறவர்கள் தேடுவதும் இதைத்தான். ரெக்கார்டில் மெஷின் ஜெயிக்கும். மேடையில் மனிதர் அதோடு மல்லுக்கட்டுவார். சில சமயம் தோற்கவும் செய்வார்.

இதற்குப் பெரிய உதாரணம் 1994-ல் நியூயார்க் மாநிலத்தில் நடந்த உட்ஸ்டாக் விழா. மழையில் மைதானமே சேறு. ‘நைன் இன்ச் நெயில்ஸ்’ குழுவின் டிரென்ட் ரெஸ்னரும் சகாக்களும் தலை முதல் கால் வரை சேற்றோடு மேடை ஏறினார்கள். எதிரே ரசிகர்களும் அதே கோலம். அந்தக் காலத்தில் ஸ்டுடியோவில் பெரும்பாலும் தனி ஆளாக உட்கார்ந்து ஒவ்வொரு ஒலியையும் செதுக்கியவர் ரெஸ்னர். ஆனால், அந்தச் சேற்று மேடையில் பதிவான ஒரு பாட்டுதான் 1996-ல் கிராமி விருது வாங்கியது.

டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடா?

பாட் மென்பொருள்களும் கூடுதல் விலைக்கு விற்பவர்களும் சில நிமிடங்களில் டிக்கெட்டுகளை அள்ளிவிடுவது எல்லா நாட்டு ரசிகர்களுக்கும் உள்ள தலைவலி. 2018-ல் ‘நைன் இன்ச் நெயில்ஸ்’ ஒரு பழைய வழியைக் கையில் எடுத்தது. ஆன்லைன் விற்பனைக்கு முன், மே 19 சனிக்கிழமை, அரங்கக் கவுன்ட்டர்களில் நேரில் வருபவர்களுக்கே டிக்கெட். நீண்ட வரிசை. ‘வெளியூர்க்காரங்க என்ன பண்றது?’ என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால், வரிசையில் நின்றவர் பாட் இல்லை, ரசிகர்தான் என்பது உறுதி.

அதே குழு 2009-ல், மூன்று கச்சேரிகளில் எடுத்த 400 ஜிபிக்கும் அதிகமான வீடியோவை இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது. ரசிகர்களே கூடி எடிட் செய்து, முழுநீளக் கச்சேரிப் படமாக்கி வெளியிட்டார்கள்.

காதுக்கு ஆபத்து இல்லையா?

உண்டு. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 100 டெசிபலில் 15 நிமிடம்தான்! கச்சேரியோ இரண்டு மணி நேரம். அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, இயர் பிளக் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு தர அமைதியான இடம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறுத்தது.

பழம் தின்று கொட்டை போட்ட ரசிகர்கள் இயர் பிளக் இல்லாமல் போவதில்லை. இசைக்கென்றே செய்யப்பட்டவை சத்தத்தைச் சீராகக் குறைக்கும், பாட்டு மங்காது. ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்காமல் இருப்பதும் நல்லது. மறுநாளும் காதில் ‘ஙொய்ங்’ நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

தீ விஷயத்திலும் விளையாட்டு கிடையாது. 1996-ல் பெர்லினில் எரியும் மேடை அலங்காரம் சரிந்து விழுந்த பிறகு, ‘ராம்ஸ்டைன்’ பயிற்சி பெற்ற நிபுணர்களைக் கொண்டே தீயைக் கையாள்கிறது. பாடகர் டில் லிண்டமனே வாணவேடிக்கை உரிமம் பெற்றவர்.

கச்சேரி முடிந்த பிறகு என்ன மிஞ்சும்?

வெளியிலிருந்து பார்த்தால் மேடைக்கு முன்னால் நடப்பது அடிதடி. உள்ளே எழுதப்படாத ஒரு விதி உண்டு: யாராவது கீழே விழுந்தால், பக்கத்தில் இருப்பவர் உடனே தூக்கிவிட வேண்டும்.

அந்த விதி அரங்குக்கு வெளியேயும் நீண்டது. சிகாகோவின் இண்டஸ்ட்ரியல் வட்டாரத்தில் எல்லோருக்கும் வேண்டியவர் ஜேமி டஃபி. கிடார் கலைஞர், ஒலிப் பொறியாளர். 2012-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு நண்பர்கள் அவர் நினைவாக ‘கோல்ட் வேவ்ஸ்’ என்ற கச்சேரியை நடத்தினார்கள். அது ஆண்டுதோறும் நடக்கும் விழாவாக வளர்ந்து, தற்கொலைத் தடுப்புப் பணிக்கு நிதி திரட்டியது. ரசிகர்களுக்கு அங்கே வாங்கும் டிக்கெட், பாட்டு கேட்க மட்டுமல்ல. இன்னொருவர் விழாமல் பிடித்துக்கொள்ளவும்தான்.

(மனம் தளர்ந்திருந்தால் பேசத் தயங்க வேண்டாம். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண்: 14416. 24 மணி நேரமும் அழைக்கலாம்.)