முதுமலையில் வைகறை

தோல் பதனிடுந் தொழிலாற் பெயர்பெற்ற வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் வாழும் நாம், விலங்கின் தோலை அது மாண்ட பின்னரே மதிப்பிட்டுப் பழகியவர்கள். உயிருள்ள விலங்கின்மேல் தோல் பெறும் மதிப்பை அறிய விரும்புவோர், நீலகிரியிலுள்ள முதுமலைக்குச் செல்லுதல் வேண்டும். 1940-ஆம் ஆண்டில் சரணாலயமாகிய இக்காடு, 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று.

தெப்பக்காட்டிலிருந்து வனத்துறையின் வண்டிகள் காலையிலேயே புறப்படுவதற்குக் காரணமுண்டு. புலி அந்தியிலும் இரவிலும் வைகறையிலும் இரைதேடி, வெயில் ஏறியதும் நிழலிற் படுத்துவிடும். அப்பொழுதிலும் அதனைக் கண்ணாற் காண்டல் அரிது. புள்ளிமான் வெருண்டு கூவினாலும், மரத்தின்மேல் மந்தி இருமுவதுபோல் ஒலித்தாலும், புலியோ சிறுத்தையோ அண்மையில் உளதென உய்த்துணரலாம். ஆதலின் வண்டியிற் செல்வோர் வாய்பேசாதிருத்தல் வேண்டும்.

முற்காலத்தில் புலித்தோல் வேட்டையாடுவோரின் சுவர்களை அணிசெய்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1973-இல் புலித் திட்டமும் தோன்றின. ஒரு புலியின் கோடுகள் மற்றொன்றற்கு இரா. அவை மனிதரின் கைரேகை போல்வன. காட்டில் வைக்கப்பெற்ற நிழற்படக் கருவிகள் பதிவுசெய்யும் அக்கோடுகளைக் கொண்டே புலிகளைத் தனித்தனியே எண்ணுகின்றனர்.

நண்பர்களே, வைகறையில் ஒரு புலி பாதையைக் கடக்கக் காணும் பேறு வாய்த்தால், அதன் விலாவிலுள்ள கோடுகளை நோக்குங்கள். அத்தோல் அதன் உடம்பின்மேல் இருக்கும்வரையே அக்கணக்கில் அதற்கு இடமுண்டு.