கொக்கியைப் பார்த்து வண்டி வாங்காதீர்!

பின்புறம் திறந்த தொட்டியுடைய பிக்கப் வண்டியை அமெரிக்க மக்கள் வெறும் சரக்கு வாகனமாகக் கருதுவதில்லை. பணிக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், விடுமுறையில் படகை இழுத்துச் செல்லவும் அதுவே பலருக்குக் குடும்ப வாகனம். ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசை வண்டிகள் 1977 முதல் அந்நாட்டில் மிகுதியாக விற்பனையாகும் பிக்கப் என்னும் இடத்தை வகித்து வருகின்றன. புதிய வண்டியின் விலை எட்டாதபோது, பழையதொன்றை வாங்கிப் பின்னால் ஓர் இழுவைக் கொக்கியைப் பொருத்திக் கொள்ளலாம் என எண்ணுவோர் அங்கு ஏராளம். அந்நாட்டில் வாழும் உங்கள் மகனோ மருமகனோ இத்தகைய எண்ணம் கொண்டிருந்தால், அவர் அறிய வேண்டிய சில செய்திகள் இங்கே.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்துங்கள். வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதைத் தீர்மானிப்பது கொக்கி அன்று. எஞ்சின், கியர் பெட்டி, அடிச்சட்டம், பிரேக், டயர், கொக்கி, அதன் குண்டு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அவற்றுள் எது மிகக் குறைவோ, அதுவே அவ்வண்டியின் எல்லை. 3500 ராத்தல், அதாவது ஏறத்தாழ 1600 கிலோ இழுக்க வல்ல வண்டியில் அதைவிட இரு மடங்கு வலுவுள்ள கொக்கியைப் பூட்டினாலும், வண்டியின் வலு ஒரு கிலோ கூடக் கூடுவதில்லை.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்கள் புதியன அல்ல. முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிக் கழுத்துக் கயிறு நெரிக்கும். பிக்கப்பின் பின்னால் பூட்டும் இழுவண்டிக்கும் இதே விதிதான். அதன் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை கொக்கியின் மீது இறங்க வேண்டும். அதனினும் குறைந்தால், வேகத்தில் செல்லும்போது இழுவண்டி இடமும் வலமும் ஆடத் தொடங்கி, முன்வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்து விடக் கூடும். அதனினும் மிகுந்தால், பிக்கப்பின் முன்பக்கம் தூக்கிக் கொள்ள, திருப்பவும் நிறுத்தவும் இயலாமற் போகும்.

அவ்வாறு ஆடத் தொடங்கினால் பதறிப் பிரேக்கை அழுத்தலாகாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தவாறு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். இழுவண்டிக்கெனத் தனிப் பிரேக் இருப்பின் அதை மட்டும் கையால் இயக்க வேண்டும்.

கொக்கியின் மீது இறங்கும் இப்பாரமும் வண்டி சுமக்கும் எடையிலேயே சேரும் என்பதைப் பலர் மறந்து விடுகின்றனர். ஒரு பிக்கப் 600 கிலோ சுமக்கலாம் எனக் கொள்வோம். 75 கிலோ வீதம் ஐவர் அமர்ந்தால் 375 கிலோ. 1500 கிலோ இழுவண்டியின் பாரத்தில் 12 விழுக்காடு 180 கிலோ. எஞ்சுவது 45 கிலோவே! புதிதாகப் பொருத்திய கொக்கியின் எடையும் அதில் கழியும். சுமக்கும் அளவு ஓட்டுநர் பக்கக் கதவின் நிலையில் ஒட்டிய தாளில் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் விலை பேசாதீர்கள்.

தொழிற்சாலையிலேயே இழுவைக்கென ஆயத்தம் செய்யப்பட்ட வண்டிகளில் கொக்கியோடு கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி, இழுவண்டியின் விளக்குகளுக்கும் பிரேக்குக்குமான மின்கம்பி இணைப்பு ஆகியனவும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். பின்னர் கடையில் பொருத்தும் கொக்கியோடு இவை தாமாக வந்து விடுவதில்லை. ஆதலால் இரண்டின் செலவையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்வதே அறிவுடைமை. கொக்கியைப் பம்பரில் மாட்டுவதைவிட, அடிச்சட்டத்தில் போல்ட்டுகளால் முடுக்குவதே உறுதியானது. குண்டின் அளவும் இழுவண்டியின் வாயளவும் ஒன்றாக இருத்தல் வேண்டும். 2 அங்குலக் குண்டின் மீது 2 5/16 அங்குல வாய் பொருந்தியது போலவே தோன்றும். பள்ளத்தில் குலுங்கும்போது கழன்று விடும். காப்புச் சங்கிலிகள் இரண்டையும் குறுக்காகப் பூட்ட வேண்டும். கழன்ற முனையைத் தரையில் விழாது ஏந்திக் கொள்வன அவையே.

பழைய வண்டியில் ஏற்கெனவே கொக்கி இருந்தால் மகிழ்ந்து விடாதீர்கள். அது ஒரு சாட்சி. குண்டு தேய்ந்து பளபளத்தால் வண்டி நிரம்ப உழைத்திருக்கிறது என்று பொருள். கியர் எண்ணெய் கருத்து, கருகிய வாடை வீசினால் விலகி விடுங்கள். அடிச்சட்டத்தில் பிற்காலத்துப் பற்றவைப்புத் தழும்புகள் உள்ளனவா எனக் குனிந்து பாருங்கள். பனி பெய்யும் மாநிலங்களில் சாலையில் உப்புத் தூவுவதால் இரும்பு அடியிலிருந்து அரிக்கும். 1995 முதல் 2000 வரையிலான தன் டகோமா பிக்கப்புகளின் அடிச்சட்டம் துருவால் கெட்டதனால், டொயோட்டா நிறுவனம் 2008-இல் அவற்றுட் பலவற்றைத் தானே திரும்ப வாங்கிக் கொள்ள நேர்ந்தது. மேலே மின்னும் வண்ணம் கீழே உள்ள துருவைச் சொல்லாது.

1981-க்குப் பிந்தைய ஒவ்வொரு வண்டிக்கும் 17 எழுத்தும் எண்ணுமான அடையாளக் குறி உண்டு. அதைக் கொண்டு, அவ்வண்டியில் பழுது நீக்கத் திரும்பக் கோரப்பட்டு இன்னும் சரிசெய்யப்படாத குறை உண்டா என்பதை அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையிடம் கட்டணமின்றி அறியலாம். உரிமைப் பத்திரத்தில் விபத்திலோ வெள்ளத்திலோ சிதைந்ததென்ற குறிப்பு இருக்கிறதா எனவும் பாருங்கள். நாட்கூலி கொடுத்தேனும் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

விலையில் மிச்சப்படுத்திய பணத்தை மீண்டும் ஈட்டி விடலாம். அவ்வண்டியில் அமர்ந்து செல்வோரோ நம் வீட்டு மக்கள். பின்னாலும் எதிரிலும் வருவோர் பிறர் வீட்டு மக்கள். இழுக்கும் பாரத்தை அளந்த பிறகே வண்டியைத் தேடுங்கள். வண்டியின் எல்லையை அறிந்த பிறகே கொக்கியைப் பொருத்துங்கள்.