கூண்டில் குடித்தனம் செய்யாத கொசு

கொசுவை விரட்ட நாம் பாடுபடுகிறோம். கொசுவை வளர்க்கப் பாடுபடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விஞ்ஞானிகள். எதற்காக வளர்க்கிறார்கள்?

நம் நாட்டில் 1953-இல் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வீடு வீடாக டி.டி.டி. மருந்து அடித்தார்கள். 1965-இல் மலேரியா கண்டவர்கள் சுமார் 1 லட்சம் பேர்தான். நோய் ஒழிந்தது என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் 1976-இல் 64 லட்சம் பேருக்குக் காய்ச்சல் வந்தது. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, கொசு மருந்துக்குப் பழகிவிட்டது.

எந்த மருந்துக்கு எந்த ஊர்க் கொசு சாகும்? அந்த ஊர்க் கொசுவிடம்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். சித்தூர்க் கொசுவின் கணக்கு இன்னோர் ஊருக்கு ஆகாது.

மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் என்ற கொசு. சாக்கடைக் கொசு வேறு, இது வேறு. கிராமங்களில் இதைப் பரப்பும் முக்கியமான வகைக்கு அனாபிலிஸ் குலிசிபேசிஸ் என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான்! இது தெளிந்த நீரில் முட்டையிடும். திருப்பதிப் பக்கம் சுவர்ணமுகி ஆற்றில் வெள்ளம் வடிந்தால் மணலில் குட்டைகள் தேங்கும். அப்படிப்பட்ட குட்டை, கிணறு, வயல், வாய்க்கால் எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள்.

விடியற்காலையில் மாட்டுத் தொழுவத்துக்குப் போனால் சுவரில் உட்கார்ந்திருக்கும். டார்ச் அடித்து, கண்ணாடிக் குழாயால் மெல்ல உறிஞ்சிப் பிடிப்பார்கள். பிடித்ததை அப்படியே சோதிக்கலாமே? கூடாது. அதில் கிழடும் இருக்கும், இளசும் இருக்கும். கிழக்கொசு எளிதில் செத்துவிடும். மருந்து நல்ல மருந்து என்று நாம் ஏமாந்துபோவோம். ஆகவே அதன் முட்டையிலிருந்து ஒரே வயதுக் குஞ்சுகளை வளர்க்க வேண்டும்.

இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. சித்தூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கொசு அறையிலோ சுமார் 27 டிகிரிதான் இருக்க வேண்டும். காற்றில் ஈரமும் வேண்டும். புழுவுக்கு நாய் பிஸ்கட்டும் ஈஸ்டும் பொடித்துத் தூவுவார்கள். கொஞ்சம் கூடினால் நீர்மேல் ஆடை படியும். புழு நீர்மட்டத்தில் படுத்துத்தான் மூச்சு விடும். ஆடை மூடினால் மூச்சு முட்டிச் சாகும். தீனி குறைந்தால் கொசு நோஞ்சானாகப் பிறக்கும். எறும்புக்குப் பயந்து கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பதும் உண்டு. நம் வீட்டில் பலகாரத் தட்டுக்குச் செய்வதுதான்!

இவ்வளவும் செய்து வளர்த்த கொசு, கூண்டில் ஜோடி சேர மறுக்கும். வெளியே பொழுது சாயும்போது ஆண் கொசுக்கள் கூட்டமாகப் பறக்கும். அந்தக் கூட்டத்துக்குள் பெண் கொசு வரும். கூண்டில் அந்த இடமும் இல்லை, அந்த மாலை வெளிச்சமும் இல்லை. அதனால் சில சமயம் விஞ்ஞானியே கையால் ஜோடி சேர்த்து வைக்கிறார். ஆண் கொசுவை ஊசியில் பொருத்தி, அதன் தலையை எடுத்துவிடுகிறார். மயங்கிய பெண் கொசுவின் அருகே அதைக் கொண்டுபோகிறார். தலை போன ஆணும் சேரும்! இப்படி ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும்.

இந்தப் பாடு புதிதல்ல. ரொனால்டு ராஸ் என்ற டாக்டர் 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவை ஆராய்ந்தார். சரியான கொசு கிடைக்காமல் இரண்டு வருடம் வீணாயிற்று. கடைசியில் புழுவிலிருந்து வளர்த்த சில கொசுக்களை, ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கடிக்கவிட்டார். நோயாளிக்குக் கூலி, கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா. கொசுக்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. ஆகஸ்ட் 20-ஆம் தேதி, மிஞ்சிய கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார்.

கூண்டுக்குப் பழகிய கொசுக்களும் சோதனைக்கூடங்களில் உண்டு. பல தலைமுறையாக மருந்தே படாமல் வாழ்பவை அவை. லேசான மருந்துக்கே செத்துவிடும். அதனால்தான் காட்டுக்கொசுவின் முதல் தலைமுறைக் குஞ்சுகள் தேவைப்படுகின்றன. அவற்றை மருந்து தடவிய காகிதம் உள்ள குழாயில் 1 மணி நேரம் விடுவார்கள். 24 மணி நேரம் கழித்து எண்ணுவார்கள். நூற்றுக்கு 98 செத்தால் அந்த மருந்தையே அந்த ஊரில் அடிக்கலாம். 90-க்கும் கீழே போனால் வேறு மருந்து தேட வேண்டும்.